சாத்திர தானம் செய்த கல்லூரி முதல்வர்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஏட்டுக்குப் பூசை செய்யும் நாள் இது. தரசேனாசாரியார் கிரிநகரத்துக் குகையில் இருந்தபோது, தம் நினைவில் எஞ்சியிருந்த ஆகமப் பகுதி தம்மோடு அழிந்துவிடலாகாது என்று அஞ்சி, இரு முனிவர்களை வரவழைத்து ஓதுவித்தார். புஷ்பதந்தர் தொடங்கினார், பூதபலி முடித்தார். சட்கண்டாகமம் ஏட்டில் ஏறியது. அதனைச் சங்கத்தார் கூடி வழிபட்ட வளர்பிறைப் பஞ்சமியே சுருத பஞ்சமி ஆயிற்று. அவ்விருவருள் பூதபலி ஆசாரியர் தமிழ் வழங்கும் திராவிட நாட்டை நோக்கி வந்தார் என்று தவளா உரை கூறுவதைத் தமிழ்ச் சமணர் மறத்தல் ஆகாது.

வாயில் இருந்தது ஏட்டுக்கு வந்த காலம் அது. ஏட்டில் இருந்தது அச்சுக்கு வரவேண்டிய காலம் ஒன்று பின்னர் வந்தது. செல்லரித்த சுவடிகள் வீட்டுப் பரண்களில் கிடந்தன. சில ஆடிப் பெருக்கன்று ஆற்றோடு போயின. அந்தக் காலத்தில் தம் வாழ்நாளை இப்பணிக்கு ஈந்த இல்லறத்தார் ஒருவரை இந்நாளில் நினைப்பது பொருந்தும். அவர் துறவியும் அல்லர், மடாதிபதியும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். அரசுக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராக விளங்கி, ஓய்வு பெற்ற பேராசிரியர். ராவ்பகதூர் அ. சக்கரவர்த்தி நயினார் என்பது அவர் திருப்பெயர். 1880இல் பிறந்து 1960இல் மறைந்தவர்.

சாவகர்க்கு நாள்தோறும் உரிய கடமைகள் ஆறு என்பர்: தேவ பூசை, குரு வழிபாடு, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம். இவற்றுள் சுவாத்தியாயம் என்னும் நூல் ஓதுதலும் தானமும் சக்கரவர்த்தியார் வாழ்வில் ஒன்றாய்க் கலந்து நின்றன. தானம் நால்வகைப்படும்: அன்னதானம், ஔடத தானம், அபய தானம், சாத்திர தானம். முதல் மூன்றையும் ஊரறியச் செய்வோர் எக்காலத்தும் உண்டு. நம் விழாப் பந்தலிலும் அன்னதானத்துக்கு நன்கொடை தருவோர் பட்டியல் நீளமானதுதான். நான்காம் தானத்துக்கு வரிசையில் நிற்போர் குறைவு. சக்கரவர்த்தியார் அந்த நான்காம் தானத்தைத் தமக்கெனத் தேர்ந்துகொண்டவர்.

அவர் முதல்வராக இருந்த கல்லூரிக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் அவர் பணியின் அருமையை உணர்த்த இயலாது.

காவிரிக் கரையில் 1854இல் தோன்றிய அக்கல்விச் சாலைக்கு 1880இல் தமிழாசிரியராக வந்து சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். சக்கரவர்த்தியார் பிறந்ததும் அதே ஆண்டுதான். கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயரவர்களிடம் சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று வினவியதும், அவ்வினாவால் ஐயர் வாழ்வு திசை திரும்பியதும் தமிழுலகம் அறிந்த செய்தி. சீவக சிந்தாமணியின் ஏட்டைப் பிரித்தவர்க்குச் சொற்கள் புரிந்தன, சமயம் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையும் அக்குறையை முற்றும் தீர்க்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடி ஐயர் சென்றார். ஒருநாள் அவர் சென்றபோது, சமண அன்பர் ஒருவர் வீட்டு வாயிலில் கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் கண்டார். காரணம் வினவினார். வீட்டில் ஆறு திங்களாகச் சிந்தாமணி படித்து வந்ததாகவும், அன்று நிறைவு நாள் என்றும் விடை வந்தது. ஏட்டுச் சுவடியில் பொருள் காண ஐயர் திகைத்துக்கொண்டிருந்த அதே நூலை, அதே ஊரில், குடும்பத்தார் கூடியிருந்து பாடம் கேட்டு முடித்திருந்தனர். அதன்பின் அவர்களிடம் ஐயர் கேட்டறிந்த சமயச் செய்திகள் 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பில் துலங்கின. அந்நன்றியை ஐயர் தம் வரலாற்றிலும் மறவாமல் எழுதினார்.

சமணர் அல்லாத பேரறிஞர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிக்கச் சமண இல்லங்களின் வாயிலில் நின்ற வரலாறு இது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே கல்லூரியின் முதல்வராகச் சமணர் ஒருவரே அமர்ந்தார். சமண நூல் ஒன்றைத் தாமே பதிப்பித்தார். இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த மாற்றம் மற்றொன்றும் உண்டு. ஐயர் காலத்தில் வீட்டுத் திண்ணையில் கிடைத்த விளக்கம், சக்கரவர்த்தியார் காலத்தில் திண்ணையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆறு திங்கள் ஒரு காப்பியத்தை இருந்து படிக்கும் இல்லங்கள் குறைந்துவிட்டன. சுவடியை அச்சிட்டால் மட்டும் போதாது, அதன் பொருளையும் உடன் அச்சிட வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அவர் பதிப்புகளில் முன்னுரைகள் நூலோடு போட்டியிடும் அளவுக்கு நீண்டிருப்பதன் காரணம் இதுவே.

அவர் கல்லூரிப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும், ஆசிரியப் பயிற்சியில் எல்.டி. பட்டமும் பெற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். இந்தியக் கல்விப் பணி எனப்படும் ஐ.இ.எஸ். தகுதி அவருக்குக் கிடைத்தது. 1896இல் கல்வித் துறையைப் பிரித்து அமைத்தபோது அம்மேல்வரிசை இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளையர்க்கென்றே வகுக்கப்பட்டது. இந்தியர்க்கு மாகாணப் பணி என்னும் கீழ்வரிசையே உரியதாயிற்று. பின்னர்க் கதவு சிறிது திறந்தபோது உள்ளே நுழைந்த இந்தியர் சிலருள் இவர் ஒருவர். எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்தில் பிறந்தவர்க்கு அது எளிதில் வாய்க்கும் பதவி அன்று. ராவ்பகதூர் பட்டமும் சேர்ந்தது. இத்தகைய பதவியில் இருந்தோர் பலர் ஓய்வுக்குப்பின் தோட்டமும் வீடும் அமைத்து இளைப்பாறினர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் கை வைத்தது குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாய சாரம். பிராகிருத மூலமும், ஆங்கில மொழிபெயர்ப்பும், விளக்கமும், தத்துவ வரலாற்று முன்னுரையுமாக 1920இல் ஆரா நகரிலிருந்து ‘சமணர் புனித நூல்கள்’ என்னும் வரிசையில் மூன்றாம் நூலாக வெளிவந்தது. சீவன், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம் என்னும் ஐந்தும் இடத்தில் பரந்து நிற்கும் இயல்பினவாதலின் அஸ்திகாயம் எனப்பட்டன. காலம் அவ்வாறு பரந்து நில்லாமையின் அவ்வரிசையில் சேரவில்லை. இங்கே தர்மம் என்றதும் அறம் என்றும், அதர்மம் என்றதும் பாவம் என்றும் எண்ணி மயங்குவார் இன்றும் உளர். இயக்கத்துக்குத் துணையாவது தர்மம். நிலைத்தலுக்குத் துணையாவது அதர்மம். மீனுக்கு நீர் போலவும், வழிப்போக்கனுக்கு நிழல் போலவும் என்று நூலோர் உவமை கூறுவர். மேலைத் தத்துவம் பயின்ற வாசகர்க்கு இத்தகைய இடங்களில் மயக்கம் வராமல் விளக்குவதற்கு, இரு கரையும் அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். வகுப்பறையில் அரிஸ்டாட்டிலையும் காண்டையும் கற்பித்துப் பழகிய நாவே அதற்குப் பயன்பட்டது.

அம்முன்னுரையில் குந்தகுந்தர் தமிழகத்தோடு தொடர்புடையவர் என்பதை அவர் வாதிட்டு எழுதினார். பஞ்சாஸ்திகாயம் சிவகுமார மகாராசர் என்பார்க்கு உபதேசிக்கப்பட்டது என்னும் வழக்கை எடுத்துக்கொண்டு, அவ்வரசன் காஞ்சியில் ஆண்ட பல்லவன் சிவஸ்கந்தவர்மனே ஆகலாம் என்றார். பழைய பல்லவர் செப்பேடுகள் பிராகிருத மொழியில் இருத்தலைச் சான்றாகக் காட்டினார். ஆ.நே. உபாத்தியே முதலிய பின்வந்த அறிஞர்கள் இக்கருத்தை எடுத்து ஆராய்ந்தனர். ஏற்பும் மறுப்பும் நிகழ்ந்தன. தமிழ்நாட்டுச் சமணத்தை மைசூர் வரலாற்றின் ஒரு கிளையாக மட்டும் கருதிவந்தோர்க்கு, காஞ்சியையும் பொன்னூர் மலையையும் நோக்கித் திரும்பிப் பார்க்கவேண்டிய கட்டாயம் அதனால் நேர்ந்தது.

பின்னர் வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்தைப் பதிப்பித்தார். விமல தீர்த்தங்கரரின் கணதரர்களாகிய மேரு, மந்தரர் என்னும் இருவருடைய பிறவித் தொடரைக் கூறும் நூல் அது. வாமன முனிவர் திருப்பருத்திக்குன்றமாகிய சினகாஞ்சியில் வாழ்ந்தவர். அவர் மாணாக்கர் புஷ்பசேனர். அவர்தம் சொற்கேட்டு, விசயநகர அமைச்சன் இருகப்பன் அங்குச் சங்கீத மண்டபம் எடுத்தான். அம்மண்டபத்துக் கூரை ஓவியங்களைக் கண்டு வருவோர் பலர். அம்முனிவர் எழுதியதைப் படித்து வருவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி நீலகேசி. சக்கரவர்த்தியார் செய்த தானங்களுள் பெரியது இது என்று துணிந்து கூறலாம்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாக நீலகேசியின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வர். பெயருக்கு மேல் யாரும் சொல்லித் தருவதில்லை. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் அது. பத்துச் சருக்கங்கள் கொண்டது. அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய சமய திவாகரம் என்னும் பேருரை உண்டு. மூலத்தையும் அவ்வுரையையும் சேர்த்து 1936இல் கும்பகோணத்தில் சக்கரவர்த்தியார் பதிப்பித்தார். பதிப்பாசிரியரும் அவரே, வெளியிட்டவரும் அவரே. பதிப்பகத்தை எதிர்பார்த்து நின்றிருந்தால் அந்நூல் எப்போது வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எதிர்ச் சமயத்தாரோடு வாதிடுவதையே பொருளாகக் கொண்டு, வடமொழித் தருக்கச் சொற்கள் நிறைந்த உரையோடு கூடிய நூலை முதலீடு செய்து அச்சிட எந்த வணிகர் முன்வருவார்?

அப்பணியின் கடுமையைச் சிறிது விளக்க வேண்டும். ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றே போல் இருக்கும். பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஓடும். எது மூலம், எது மேற்கோள், எது உரைகாரர் சொல் என்பதைப் பொருள் கொண்டே பிரிக்க வேண்டும். சமய திவாகர உரையிலோ பௌத்தம், சாங்கியம், வைசேடிகம், மீமாஞ்சை என ஒவ்வொரு மதத்தின் கலைச்சொல்லும் வந்துகொண்டே இருக்கும். தமிழ்ப் புலவர்க்குத் தருக்கம் தெரிந்திராது. வடமொழிப் பண்டிதர்க்குத் தமிழ் யாப்புத் தெரிந்திராது. இரண்டும் தெரிந்தவர்க்குச் சமண சித்தாந்தம் தெரிந்திராது. மூன்றும் ஒருவரிடம் கூடியது அரிய வாய்ப்பு. அவ்வொருவர் கல்லூரி நிருவாகத்தையும் தோளில் சுமந்தவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நூலின் முதற் சருக்கத்துக் கதையைக் குழந்தைகளுக்கும் சொல்லலாம். புண்டவர்த்தன நகரத்துச் சுடுகாட்டை அடுத்துக் காளி கோயில் ஒன்று. அரசிக்குக் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் ஆடும் கோழியும் பலியிட ஊரார் வருகின்றனர். அங்கே தவம் செய்துகொண்டிருந்த முனிச்சந்திரர் அவர்களைத் தடுத்து, மண்ணால் அவ்வுருவங்களைச் செய்து கோயிலில் வைத்தாலே தேவி மகிழ்வாள், உயிரைப் போக்க வேண்டா என்கிறார். ஊரார் அவ்வாறே திரும்பிச் செல்கின்றனர். பலி இழந்த காளி சினந்து, தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலியை அழைக்கிறாள். நீலி முனிவரை அச்சுறுத்திப் பார்க்கிறாள், அசைக்க முடியவில்லை. அரசகுமாரியாக உருமாறி மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. முடிவில் அவரிடமே அறங்கேட்டு மாணாக்கி ஆகிறாள்.

பழையனூர் நீலி என்றாலே தமிழ்நாட்டில் தாய்மார்கள் பிள்ளைகளை அடக்குவர். வணிகனையும் வேளாளர் எழுபதின்மரையும் பலிகொண்ட பேய் என்பது அவளைப் பற்றிய பழங்கதை. அப்பேயைத் தத்துவம் பேச வைத்தார் பெயர் தெரியாத அச்சமணக் கவிஞர். கொல்லுதலில் பேர்போனவளையே கொல்லாமையின் வழக்கறிஞராக்கினார். இதைவிடத் துணிந்த கற்பனை தமிழில் அதிகம் இல்லை. மண்ணுருவம் செய்து வைக்கலாம் என்னும் முனிவர் யோசனையும் சிந்திக்கத்தக்கது. வழிபடாதே என்று அவர் சொல்லவில்லை. மக்களின் மகிழ்ச்சியைக் கெடுக்கவில்லை. உயிரை மட்டும் காத்தார். ஐயனார் கோயில்களில் மண்குதிரை செய்து வைக்கும் ஊர்வழக்கை அறிந்தவர்க்கு அவ்வறிவுரை புதிதாகத் தோன்றாது. பிற்காலத்தில் ஜீவபந்து தி.எஸ். ஸ்ரீபால் போன்றோர் ஊர் ஊராகச் சென்று பலி விலக்கப் பாடுபட்டதும், 1950இல் சென்னை மாகாணத்தில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்ததும் இக்கதையின் தொடர்ச்சி போலவே உள்ளன.

அதன்பின் நீலகேசி வாதத்துக்குப் புறப்படுகிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் என நான்கு சருக்கங்கள் பௌத்தத்தோடு. பிறகு ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம். கணந்தோறும் எல்லாம் அழியும் என்றால் வினை செய்தவன் யார், பயன் நுகர்பவன் யார் என்று பௌத்தரைக் கேட்கிறாள். தாம் கொல்லாத விலங்கின் ஊனை உண்ணலாம் என்ற வாதத்தைக் கிழிக்கிறாள். நீங்கள் மயிற்பீலி ஏந்துகிறீர்களே, அதுவும் உயிரின் உறுப்புத்தானே என்று எதிர்க்கேள்வி வருகிறது. மயில் தானே உதிர்ப்பது பீலி. ஊன் அவ்வாறு உதிர்வதில்லை. இவ்வாறு வாதம் வளர்கிறது. வாங்குவோர் உள்ளதால்தான் கொல்வோர் உளர் என்னும் கருத்தைக் குறளில் படித்தவர்க்கு இவ்வாதம் எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. மறுப்பதற்காகவேனும் மாற்றார் கொள்கையை முழுமையாக எடுத்துரைத்தாக வேண்டும். அதனால் மாற்றார் நூல் அழிந்தபின்னும் அவர் கொள்கை மறுப்பு நூலில் பிழைத்திருக்கிறது. குண்டலகேசி இன்று முழுதும் இல்லை. அதன் பாடற் குறிப்புகள் சில நீலகேசி உரையில் கிடைக்கின்றன. ஆசீவகர் நிலையும் அதுவே. அவர்கள் எழுதிய நூல் ஒன்றும் இன்று இல்லை. குக்குட நகரத்தில் பூரணன் என்னும் ஆசீவக ஆசிரியனை நீலகேசி சந்திக்கும் சருக்கத்தில், அவர்கள் தெய்வமாகிய மற்கலி, அவர்கள் நூலாகிய நவகதிர், அணுக்கள் ஐவகை என்னும் கொள்கை, எதுவும் உண்மையில் மாறுவதில்லை என்னும் கொள்கை ஆகியவை பேசப்படுகின்றன. 1951இல் ஏ.எல். பாஷம் என்னும் ஆங்கில அறிஞர் ஆசீவகர் வரலாறும் கொள்கையும் பற்றிப் பெருநூல் எழுதியபோது, வடபுலச் சான்றுகளோடு மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்னும் தமிழ் நூல்களையும் கொண்டே தெற்கத்து ஆசீவகத்தை விளக்கினார். நீலகேசியும் சமய திவாகரமும் அச்சேறியிராவிட்டால் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்க இயலாது. ஒரு சமணர் அச்சிட்ட சமண நூல், மறைந்துபோன வேறொரு சமயத்துக்கு உலக அரங்கில் சாட்சி சொன்னது. அநேகாந்தம் பேசும் சமயத்துக்கு இதனினும் தக்க பயன் வேறில்லை.

இவ்வளவு செய்தவரை இன்று மேடைகளில் எதற்காக நினைக்கிறார்கள்? திருக்குறள் சமண நூல் என்றவர் என்பதற்காக. பாராட்டுவோரும் அதற்காகவே பாராட்டுகின்றனர். பழிப்போரும் அதற்காகவே பழிக்கின்றனர். இச்செய்தியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது.

1953இல் அவர் திருக்குறள் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிந்த விளக்கத்தோடும் சென்னையில் வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை எழுபத்து மூன்று. முன்னுரையில் அவர் கூறியவற்றை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். குறளின் அறம் சமண அறத்தோடு இயைந்தது என்பது ஒன்று. கடவுள் வாழ்த்தில் எத்தெய்வத்தின் பெயரும் இன்றி, மலர்மேல் நடந்தவர், எண்குணம் உடையவர், அறத்தை ஆழியாகக் கொண்டவர் என்னும் அடைகளே வருதல், புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்களாக வகுக்கப்பட்டிருத்தல், வேள்விக்கு மேலாகக் கொல்லாமையை வைத்தல் ஆகியவற்றைக் காட்டினார். நீலகேசியின் உரைகாரர் குறளை ‘எம் ஓத்து’ என்று உரிமையோடு சுட்டுவதையும் எடுத்துக்காட்டினார். தாம் அச்சிட்ட நூலே தம் வாதத்துக்குச் சான்று தந்தது. குறளாசிரியர் சமணர் என்ற அளவில், பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை போன்ற சமணர் அல்லாத அறிஞரும் உடன்பட்டனர்.

குறளை இயற்றியவர் குந்தகுந்தரே, ஏலாசாரியர் என்பது அவர் மறுபெயர் என்பது இரண்டாவது. பொன்னூர் மலைத் திருவடிகளைச் சூழ்ந்து வழங்கும் செவிவழிச் செய்தியும் பெயர் வழக்குமே இதற்குப் பெருந்துணை. குந்தகுந்தர் நூல்கள் பிராகிருதத்தில் அமைந்தவை, ஆன்மாவை நோக்கியவை, துறவோர்க்கு உரியவை. குறளோ அரசனையும் அமைச்சனையும் உழவனையும் காதலரையும் நோக்கிப் பேசுவது. சிந்தாமணி பாடிய திருத்தக்க தேவரும் துறவியே, காமச்சுவை அவர்க்குத் தடையாகவில்லை என்று விடை கூறலாம். அவ்விடை நல்ல விடையே. எனினும் ஒருவர் பாடியிருக்கக்கூடும் என்பதும், அவரே பாடினார் என்பதும் வேறு வேறு. முதற் கருத்துக்கு உள்ள வலிமை இரண்டாவதற்கு இல்லை. சமண மேடையில் இதைச் சொல்வதால் சக்கரவர்த்தியார் பெருமை குறையாது. தம் சான்றுகளை மறைக்காமல் வரிசையாக வைத்து, மறுப்போர்க்கும் கருவி தந்து சென்றவர் அவர். நீலகேசியைப் பதிப்பித்த ஒருவர் தம் கருத்தை யாரும் வினவலாகாது என்று எண்ணியிருக்க மாட்டார்.

வருந்தத்தக்கது வேறொன்று. குறள் யாருடையது என்று வாதிடச் சமண இளைஞர் பலர் உளர். நீலகேசியில் ஒரு சருக்கம் படித்தவர் அரியர். முன்னதற்கு மேடை வேண்டும். பின்னதற்கு மேசை வேண்டும். கும்பகோணத்துச் சமண இல்லத்தில் ஆறு திங்கள் சிந்தாமணி படித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். வாணிகமும் குடும்பமும் நடத்தியவர்கள். மாலையில் விளக்கேற்றியபின் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டனர். அவ்வழக்கம் இருந்தபோது சமூகம் இன்றைவிடச் செல்வமுடையதாக இருந்ததில்லை.

ஓய்வுக் காலத்தில் அவர் செய்த ஏனைய பணிகளையும் கூற வேண்டும். ஆராவிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழில் எழுதிய தொடர் 1941இல் ‘தமிழில் சமண இலக்கியம்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலாயிற்று. அளவில் சிறியது. தொல்காப்பியம் முதலாக நாலடியார், சிலப்பதிகாரம், சிந்தாமணி, பெருங்கதை, யசோதர காவியம், சூளாமணி, மேருமந்தர புராணம், ஸ்ரீபுராணம், நன்னூல், நிகண்டுகள் வரையில் சமணர் தமிழுக்கு ஈந்தவற்றைத் தமிழறியாத உலகுக்கு ஒருங்கே காட்டியது. வடநாட்டுச் சமணர் பலர்க்குத் தெற்கே தமிழ் பேசும் சமணர் உளர் என்பதே அந்நாளில் புதுச்செய்தி. தில்லியிலும் காசியிலும் இருந்த சமண அறிஞர், தங்கள் ஆகமத்தின் உடன்பிறப்பு ஒன்று தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்திருப்பதை அந்நூலால் அறிந்தனர். இன்று அதில் காலக்கணிப்புகள் சில பழமைப்பட்டிருக்கலாம். முதற் பாதை போட்ட நூல் என்னும் சிறப்பு பழமைப்படாது.

1950இல் சமயசாரம் வந்தது. காசி பாரதீய ஞானபீடம் வெளியிட்டது. எழுபது அகவையில், குந்தகுந்தரின் ஆழ்ந்த நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதி, ஆன்மா என்பதைக் கிரேக்க அறிஞரும் பிற்கால ஐரோப்பியரும் எவ்வாறு கண்டனர், உபநிடதங்கள் எவ்வாறு கண்டன, குந்தகுந்தர் எவ்வாறு கண்டார் என்று நீண்ட முன்னுரை வரைந்தார். அதைப் படிப்பவர்க்குக் கல்லூரி வகுப்பில் அமர்ந்திருப்பது போன்ற உணர்வு தோன்றும். பாடம் படிப்படியாக ஏறும். மாணாக்கன் எங்கே தடுமாறுவான் என்பதை முன்கூட்டியே அறிந்து அவ்விடத்தில் நின்று மறுமுறை சொல்வார். பதவியிலிருந்து ஓய்வு பெற்றவரே தவிர, கற்பித்தலிலிருந்து ஓய்வு பெற்றவராக அவர் எழுத்தில் எங்கும் தோன்றவில்லை. பஞ்சாஸ்திகாயத்தில் தொடங்கியவர் முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஆசாரியரிடம் திரும்பினார். நிச்சய நயத்தால் ஆன்மா கட்டுண்டதும் அன்று, விடுபட்டதும் அன்று; வியவகார நயத்தால் பந்தமும் உண்டு, வீடும் உண்டு. உலகில் கடமையோடு வாழும் சாவகனுக்கு இவ்விரு நோக்கும் எப்படி உதவும் என்பதை அவர் விளக்கும் பகுதி, இல்லறத்தார் எழுதிய உரைக்கே உரிய தெளிவுடையது.

1960இல் அவர் மறைந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1974இல், ‘தமிழில் சமண இலக்கியம்’ திருத்திய பதிப்பாக ஞானபீடத்தின் வழி மீண்டும் வெளிவந்தது. கல்வெட்டறிஞர் கே.வி. ரமேஷ் அதற்கு முன்னுரையும் அடிக்குறிப்புகளும் எழுதினார். மாறுபட வேண்டிய இடங்களில் மாறுபட்டார். தமிழகத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். சக்கரவர்த்தியார் ஏடுகளிலிருந்து எடுத்துத் தந்தவற்றின் பக்கத்தில், பாறைகளிலிருந்து படித்தெடுத்த தமிழும் அந்நூலில் இடம்பெற்றது.